பட்டுச்சேலையில் வந்த டிஸ்கோ: உஷா உதுப்பின் குரலும் காலமும்

இந்தித் திரையிசையில் டிஸ்கோ கொடிகட்டிப் பறந்த காலத்தில் இரண்டு பெண்குரல்கள் நாடெங்கும் ஒலித்தன. ஒன்று, பாகிஸ்தானைச் சேர்ந்த நாஜியா ஹசனின் மெல்லிய குரல். 1980இல் வெளிவந்த 'குர்பானி' படத்துக்காகப் பாடியபோது அவர் பள்ளிச் சிறுமி. மற்றொன்று உஷா உதுப்பின் கனத்த குரல். வானொலியில் முதல் தடவை கேட்பவர், பாடுவது ஆணா பெண்ணா என்று ஒரு கணம் தயங்குவார். இந்த இரண்டாவது குரலுக்குச் சொந்தக்காரர் தமிழ்க் குடும்பத்துப் பெண். அவர் தொழில்முறைப் பாடகியாக முதன்முதலில் மேடையேறியதும் சென்னையில்தான். ஆனாலும் தமிழ்நாட்டில் பலர் அவரை வங்காளி என்றோ மலையாளி என்றோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

உஷா 1947 நவம்பரில் பம்பாயில் பிறந்தார். தந்தை வைத்தியநாத சோமேஸ்வர சாமி காவல்துறை அதிகாரி. பைக்குலா பகுதியில் இருந்த காவலர் குடியிருப்பில் குழந்தைகள் வளர்ந்தார்கள். சென்னையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வேலை தேடிப் பம்பாய் போன குடும்பங்களுக்கு அந்த நாளில் ஊருக்கு வர இருந்த முக்கிய வழி ரேணிகுண்டா, அரக்கோணம் வழியாக வரும் இருப்புப்பாதை. திருத்தணி மலையடிவாரத்தைத் தொட்டுக்கொண்டு போகும் பாதை அது. மலைக்கோயில் கண்ணில் பட்டதும் வண்டியிலிருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டு, இனிச் சென்னை வந்துவிடும் என்று மூட்டையைக் கட்டத் தொடங்குவார்கள். இரண்டு ஊர்களுக்கு நடுவே, இரண்டு மூன்று மொழிகளுக்கு நடுவே வாழ்ந்த அந்தத் தலைமுறையின் பிள்ளைதான் உஷா. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியும் மராத்தியும், பள்ளியில் ஆங்கிலம். வீட்டு வானொலியில் கர்நாடக இசையும் இந்துஸ்தானிப் பாடகர் படே குலாம் அலி கானும் மேற்கத்திய இசையும் மாறி மாறி ஒலித்தன.

பள்ளியில் பாட்டு வகுப்பிலிருந்து அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். சேர்ந்து பாடும் சிறுமிகளின் உயர்ந்த குரல்களோடு அவருடைய குரல் ஒட்டவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைக்குள் தாளம் இருப்பதைக் கண்டுகொண்ட ஆசிரியை, பாடாவிட்டாலும் பரவாயில்லை என்று கையில் சிறு தாளக்கருவிகளைக் கொடுத்து வகுப்பில் உட்காரவைத்தார். முறையான இசைப்பயிற்சி என்று எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. சகோதரிகள் உமா, இந்திரா, மாயா மூவருமே பாடுபவர்கள். அவர்கள் மூலமாகத்தான் புகழ்பெற்ற அறிவிப்பாளர் அமீன் சயானியின் அறிமுகம் கிடைத்தது. ஒன்பது வயதில் இலங்கை வானொலி நிகழ்ச்சி ஒன்றில் பாடினார்.

1969இல் உஷா சென்னைக்கு வந்திருந்தார். அண்ணா சாலை அப்போது மவுண்ட் ரோடு. அங்கே சஃபையர், புளூ டைமண்ட், எமரால்ட் என்று மூன்று திரையரங்குகள் ஒரே வளாகத்தில் இருந்தன. தென்னாட்டில் அது புதுமை. அதன் அடித்தளத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்ற இரவு விடுதி. மதுவிலக்கு இன்னும் நீக்கப்படாத தமிழ்நாட்டில் ஓர் இரவு விடுதி எப்படி இருந்திருக்கும் என்பதை இன்றைய வாசகர் கற்பனை செய்து பார்க்கலாம். சாப்பாடும் இசைக்குழுவும் ஆட்டமும்தான் அங்கே ஈர்ப்பு. சேலை கட்டிக்கொண்டு வந்த இளம்பெண் மேடையேறி ஆங்கிலப் பாட்டுப் பாடியதைக் கேட்ட கூட்டம் விடவில்லை. விடுதிக்காரர் ஒரு வாரம் இருந்து பாடச் சொன்னார். அந்தத் திரையரங்குகளும் விடுதியும் இன்று இல்லை, கட்டடம் இடிக்கப்பட்டுவிட்டது. அங்கே பாடத் தொடங்கியவர் இன்னும் பாடுகிறார்.

சென்னைக்குப் பிறகு அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த மேடை, கல்கத்தா பார்க் தெருவிலுள்ள 'டிரிங்காஸ்' விடுதி. வெள்ளைக்காரர் போன பின்னும் மேற்கத்திய இசைக்குழுக்கள் இரவுதோறும் வாசித்துக்கொண்டிருந்த தெரு அது. அங்கே பாடிய பெண்களில் பெரும்பாலோர் ஆங்கிலோ இந்தியர்கள். கவுன் அணிந்து மேடையேறுவது எழுதப்படாத சட்டம். உஷா காஞ்சிபுரம் பட்டுக் கட்டி, நெற்றி நிறையப் பொட்டிட்டு, தலையில் பூ வைத்து, கை நிறைய வளையலோடு வந்து நின்றார். முதல் பார்வையில், கச்சேரிக்கு நேரமாகிவிட்டதென்று விடுதிக்குள் வழிதவறி வந்துவிட்ட பாடகி என்றே யாரும் நினைத்திருப்பார்கள். வாயைத் திறந்ததும் ஜாஸ் வந்தது.

இந்த உடைத் தேர்வு வெறும் அலங்காரம் அல்ல. இரவு விடுதியில் பாடும் பெண்ணைப் பற்றி அன்றைய சமூகத்துக்கு ஒரு முடிவான கருத்து இருந்தது. திரைப்படங்களில் வில்லனின் கூடாரத்தில் ஆடுபவளுக்குத்தான் அந்த வகைப் பாட்டு, கதாநாயகிக்கு அல்ல. ஆங்கிலப் புத்தாண்டு இரவை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். விடுதிப் பாடகர்களுக்கு ஆண்டிலேயே பெரிய இரவு டிசம்பர் 31. அதே இரவில் திருத்தணியில் ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக அமைந்த 365 படிகளுக்கும் பூசை நடக்கும். பஜனைக் குழுக்கள் திருப்புகழ் பாடிக்கொண்டே மலையேறும். புத்தாண்டன்று வெள்ளைக்கார அதிகாரிகளைப் போய்ப் பார்ப்பதை விட்டுவிட்டு முருகனைப் போய்ப் பாருங்கள் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம் அது. படியேறும் பெண்ணும் விடுதியில் பாடும் பெண்ணும் இரு வேறு உலகத்தவர் என்றே ஊர் நம்பியது. படியேறுபவள் எப்படி உடுத்துவாளோ அப்படியே உடுத்திக்கொண்டு உஷா விடுதி மேடையில் ஏறினார். அதற்காக அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. விளக்கம் சொல்லிக்கொண்டும் இருக்கவில்லை. குடும்பத்தோடு வந்து கேட்கக்கூடிய நிகழ்ச்சியாக அது மாறியதில் அந்தச் சேலைக்குப் பெரும் பங்கு உண்டு.

டிரிங்காஸில்தான் அவர் கோட்டயத்தைச் சேர்ந்த ஜானி சாக்கோ உதுப்பைச் சந்தித்தார். அதுவரை உஷா ஐயர் என்று அறியப்பட்டவர், பிறகு உஷா உதுப் ஆனார். கல்கத்தாவே அவருக்கு ஊராகிப் போனது. நெற்றிப் பொட்டில் 'க' என்ற வங்க எழுத்தை அவர் இட்டுக்கொள்வது அந்த ஊருக்காகத்தான்.

திரைப்பட வாய்ப்பு விடுதி மேடை வழியாகவே வந்தது. 1970இல் ஐவரி, மெர்ச்சன்ட் கூட்டணியின் 'பாம்பே டாக்கி' படத்தில் சங்கர் ஜெய்கிஷன் இசையில் ஆங்கிலப் பாட்டுப் பாடினார். 1971இல் தேவ் ஆனந்தின் 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா'வில் ஆர். டி. பர்மன் இசையில் அவர் குரல் ஒலித்தது. ஆனால் இவை ஓரத்து வாய்ப்புகள். கதையில் ஒரு விருந்து, அதில் ஓர் ஆங்கிலப் பாட்டு என்றால் உஷாவைக் கூப்பிடுவார்கள். நாயகிக்கு லதா மங்கேஷ்கர், நடனக்காரிக்கு ஆஷா போஸ்லே என்று இடங்கள் நிரம்பியிருந்த துறையில் ஆண்குரலுக்கு நெருங்கிய சுருதியில் பாடும் பெண்ணுக்கு நாற்காலியே போடப்படவில்லை. அந்த நாற்காலியைப் போட்டது டிஸ்கோ.

டிஸ்கோ 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் நடன விடுதிகளில் உருவானது. கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வழிவந்தவர், ஒருபாலீர்ப்பினர் என்று பொதுச் சமூகம் ஓரங்கட்டிய மக்கள் கூடி ஆடிய இடங்கள் அவை. அதன் அமைப்பு எளிது. பெரிய டிரம் ஒவ்வோர் எண்ணிக்கையிலும் தவறாமல் விழும், நிமிடத்துக்குச் சுமார் 120 அடி. இரண்டு அடிகளுக்கு நடுவில் தாளத்தட்டு ஒலிக்கும். அடியில் பேஸ் கிட்டார் துள்ளிக்கொண்டே ஓட, மேலே வயலின்கள் சேர்ந்து எழும்பும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் காவடிக் கூட்டத்தின் முன்னால் பம்பைக்காரர் நடை மாறாமல் அடித்துக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு இதன் விசை புரியும். தாளம் தெரியாதவருக்கும் கால் தானாக எழும். டோனா சம்மர் 1977இல் பாடிய 'ஐ ஃபீல் லவ்', பெரும்பாலும் மின்னணுக் கருவிகளால் இசையை அமைத்து உலக இசையின் போக்கையே திருப்பியது. அதே ஆண்டு இறுதியில் வந்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படம் டிஸ்கோவை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அமெரிக்காவில் இந்த அலை திடீரென்று உடைந்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் பேஸ்பால் மைதானம் ஒன்றில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் இறங்கிக் கலவரமானதால் அன்றைய இரண்டாவது ஆட்டத்தை நடத்த முடியவில்லை. கறுப்பினத்தவரின் இசை மீதிருந்த வெறுப்பும் அந்த வெடியில் கலந்திருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் பிற்பாடு எழுதினார்கள். அங்கே மூட்டை கட்டிய டிஸ்கோ அடுத்த ஆண்டே பம்பாயில் வந்து இறங்கியது. பெங்களூரில் பிறந்து லண்டனில் புகழ்பெற்ற இசையமைப்பாளர் பிட்டு, 'குர்பானி'யில் நாஜியாவைப் பாடவைத்தார். மறு ஆண்டில் நாஜியாவின் 'டிஸ்கோ தீவானே' இசைத்தட்டு வந்து விற்பனையில் கொழித்தது.

உஷாவின் பக்கம் கதவைத் திறந்தவர் இசையமைப்பாளர் பப்பி லாஹிரி. 1980இல் 'பியாரா துஷ்மன்' படத்தில் 'ஹரி ஓம் ஹரி', 1981இல் 'அர்மான்' படத்தில் 'ரம்பா ஹோ', 1982இல் 'டிஸ்கோ டான்சர்' படத்தில் பப்பியுடன் சேர்ந்து பாடிய 'கோயி யஹான் நாச்சே நாச்சே'. முதல் இரண்டுக்கும் திரையில் ஆடியவர் கல்பனா ஐயர். மூன்று ஆண்டில் மூன்று பாட்டு. டிஸ்கோ பாடகி என்ற பட்டம் அவருக்கு நிலைக்க இவை போதுமாக இருந்தன. நடுவில் ஆர். டி. பர்மனின் 'ஷான்' படத்திலும் அவர் பாடினார்.

மெட்டுகள் பல இரவல் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 'ஹரி ஓம் ஹரி'க்குப் பின்னால் இரப்ஷன் குழுவின் 'ஒன் வே டிக்கெட்' இருக்கிறது. 'டிஸ்கோ டான்சர்' பாட்டுக்குப் பின்னால் பகிள்ஸ் குழுவின் 1979ஆம் ஆண்டுப் பாட்டு இருக்கிறது. மெட்டு கடன் வாங்கியது. குரல் கடன் வாங்கியதல்ல. டிஸ்கோ ஒலிப்பதிவில் தாளத்தட்டும் வயலினும் மேல் ஸ்தாயியை நிரப்பிவிடும். மெல்லிய உச்சக்குரல் அதில் கரைந்துபோகும் அபாயம் உண்டு. உஷாவின் குரல் பேஸ் கிட்டாருக்கு மேலே, வயலினுக்குக் கீழே, யாரும் குடியிராத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆண்டுக்கணக்கில் விடுதி மேடையில் ஒலிவாங்கியை வாயருகே பிடித்துப் பாடிப் பழகியதால் சொற்களை அவர் கடித்து உச்சரிப்பார். மூச்சையும் சிரிப்பையும் தாளத்துக்குள் சேர்ப்பார். பள்ளியில் எந்தக் காரணத்துக்காக வெளியேற்றப்பட்டாரோ அதே காரணத்துக்காக ஒலிப்பதிவுக் கூடத்தில் தேடப்பட்டார்.

'டிஸ்கோ டான்சர்' இந்தியாவைத் தாண்டி சோவியத் ஒன்றியத்திலும் பெருங்கூட்டத்தைத் திரட்டியது. தமிழில் அது 1985இல் ஆனந்த் பாபு நடிக்க 'பாடும் வானம்பாடி'யானது. அதற்குள் தமிழ்த் திரையிலும் டிஸ்கோ வேரூன்றியிருந்தது. சாந்தி என்ற நடிகையின் பெயருக்கு முன்னால் டிஸ்கோ ஒட்டிக்கொண்டு கடைசிவரை நின்றது. இந்தி அறியாத ஊர்களுக்கும் இந்தப் பாட்டுகள் கேசட் வழியாகப் போய்ச் சேர்ந்தன. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் திருத்தணி போன்ற எல்லை ஊர்களில் மொழி ஒரு தடையாக இருந்ததே இல்லை. கல்யாண வீட்டு மைக் செட்டில் முதலில் ஒரு விநாயகர் பாட்டு, பிறகு இரண்டு முருகன் பாட்டு, அதற்குப் பிறகு இளைஞர்கள் கேட்கும் பாட்டு என்று வரிசை போகும். அந்த மூன்றாம் பகுதியில் தமிழ், தெலுங்கு, இந்தி என்ற பேதம் கிடையாது. ஆட வருமா வராதா என்பது மட்டுமே கேள்வி.

புகழ் உச்சத்தில் இருந்தபோதே எதிர்ப்பும் வந்தது. 1980களில் மேற்கு வங்க இடதுசாரி அரசின் பொதுப்பணித்துறை அமைச்சராக இருந்த ஜதின் சக்கரவர்த்தி, உஷாவின் பாட்டைப் பண்பாட்டுச் சீரழிவு என்று சொல்லி, அரசு அரங்குகளில் அவர் பாடத் தடைவிதித்தார். உஷா தெருவில் இறங்கிக் கூச்சலிடவில்லை. கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனார், வென்றார். கலை நிகழ்ச்சி நடத்தும் உரிமை பற்றிப் பேசும்போது இந்த வழக்கு இன்னும் அதிகமாக நினைவுகூரப்பட வேண்டும். அமைச்சரின் விருப்பு வெறுப்பு, அரங்கத்தின் சாவியாக இருக்கக்கூடாது என்பதுதான் அங்கே நிலைநாட்டப்பட்டது. தடைசெய்ய முயன்ற அதே நகரம் பின்னாளில் அவரைத் தன் அடையாளங்களில் ஒன்றாக வைத்துக் கொண்டாடியது.

தமிழ்த் திரையுலகம் அவரை எப்படிப் பயன்படுத்தியது? மனம் ஆறும்படி பதில் சொல்ல முடியாது. 1975இல் ஏ. பி. நாகராஜனின் 'மேல்நாட்டு மருமகள்' படத்தில் குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் ஆங்கிலப் பாட்டொன்றைப் பாடினார். அதே ஆண்டு எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி'யிலும் அவருக்குக் கிடைத்தது ஆங்கிலப் பாட்டுதான். தமிழ்ப் பெண்ணைத் தமிழ்ப் படத்தில் ஆங்கிலம் பாட மட்டும் கூப்பிட்டார்கள். பி. சுசீலா, எஸ். ஜானகி, வாணி ஜெயராம் என்று உயர்ந்த சுருதிக்காரர்கள் கோலோச்சிய காலம். துள்ளல் பாட்டுக்கு எல். ஆர். ஈஸ்வரி இருந்தார். அவர்கள் அனைவரும் மாமேதைகள், ஐயமில்லை. ஆனால் பெண்குரல் என்றால் ஐந்து, ஐந்தரைக் கட்டைக்குக் கீழே இறங்கக்கூடாது என்று இசையமைப்பாளர்கள் தமக்குள் போட்டுக்கொண்ட கோட்டை யாரும் தாண்டவில்லை.

தாண்டிய ஒரு நல்ல இடம், 1990இல் மணிரத்னத்தின் 'அஞ்சலி'. இளையராஜாவின் 500வது படம். அதில் 'வேகம் வேகம்' பாட்டை உஷாவுக்குக் கொடுத்தார் இளையராஜா. பட்டியலில் பார்த்தால் ஒரு பாட்டுதான். கேட்டால் தெரியும், அந்த இடத்தில் வேறு எந்தக் குரலையும் வைத்துப் பார்க்க முடியாது. வேகமாக ஓடும் தாளத்தின் மீது அவர் அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, வாகனத்தின் கைப்பிடியைத் தளர விட்டவர் போலப் பாடுகிறார். இப்படிப்பட்ட பாட்டு இன்னும் பத்தாவது தமிழில் அவர் பாடியிருக்க வேண்டும். 2010இல் 'மன்மதன் அம்பு' படத்தில் மாதவனின் தாயாக நடிக்க வைத்தார்கள்.

1980களின் பிற்பாதியில் இந்திப் படங்களிலும் டிஸ்கோ அடங்கிவிட்டது. அந்த அலையில் மேலே வந்த பலர் அதோடு காணாமல் போனார்கள். நாஜியா ஹசன் பாடுவதை விட்டு விலகி, 2000 ஆகஸ்டில் 35 வயதில் நோயால் இறந்தார். உஷா நிலைத்ததற்குக் காரணம், அவர் திரைப்பட வாய்ப்பை நம்பி வாழவில்லை என்பதே. அவருடைய தொழில் மேடை. கேரளத்தில் மலையாளத்தில் பாடுவார், கொல்கத்தாவில் வங்காளத்தில் பாடுவார், கென்யாவில் சுவாஹிலியில் பாடுவார். இந்திய மொழிகள் பதினேழிலும் பிறநாட்டு மொழிகள் பலவற்றிலும் பாடியிருப்பதாகச் சொல்வார்கள். எந்த ஊர் மேடையானாலும் அந்த ஊர்ப் பாட்டு ஒன்று பையில் இருக்கும். கூட்டத்தைக் கைதட்ட வைத்து, கூடப் பாட வைத்து, கடைசி வரிசைக்காரரையும் எழுப்பிவிடுவார். பட்டுச்சேலைத் துணியிலேயே தைத்த கேன்வாஸ் ஷூதான் காலில். மணிக்கணக்கில் நின்று பாடுகிறவருக்கு அது அலங்காரமும் வசதியும்.

பெரிய அங்கீகாரங்கள் தாமதமாகவே வந்தன. 2011இல் பத்மஸ்ரீ. அதே ஆண்டு வெளிவந்த விஷால் பரத்வாஜின் '7 கூன் மாஃப்' படத்தில் ரேகா பரத்வாஜுடன் பாடிய 'டார்லிங்' பாட்டுக்காக ஃபிலிம்பேர் விருது. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 2024இல் பத்மபூஷண். அந்த மகிழ்ச்சி தீரும் முன்பே, ஜூலை மாதம் கணவர் ஜானி சாக்கோ உதுப் காலமானார்.

அவர் விட்டுச்செல்வது பாட்டுகளின் பட்டியல் மட்டும் அல்ல. இந்திய டிஸ்கோ இன்று உலகின் பல நகரங்களில் புதிதாகத் தோண்டி எடுக்கப்படுகிறது. 1980களில் யாரும் சீந்தாத இசைத்தட்டுகளை மறுபதிப்பாக வெளியிடுகிறார்கள். லண்டனில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. தம் 2007ஆம் ஆண்டு 'கலா' தொகுப்பில் 'டிஸ்கோ டான்சர்' படத்தின் இன்னொரு பாட்டை, பார்வதி கான் பாடியதை, மறுபடி பாடினார். ஒரு தமிழ்ப் பெண்ணின் குரலும் பங்கேற்ற படத்தின் இசை, இன்னொரு தமிழ்ப் பெண்ணின் வழியாக அடுத்த தலைமுறைக்குப் போனது. ஊர்த் திருவிழா மேடைகளில் ஆர்க்கெஸ்ட்ராவோடு பாடும் பெண்களைப் பாருங்கள்: பட்டுச்சேலை, பூ, பொட்டு, அடுத்த நிமிடம் துள்ளல் பாட்டு. அதைப் பார்த்து இன்று யாரும் முகம் சுளிப்பதில்லை. அந்த நிலை தானாக வரவில்லை. அதற்காக ஒருவர் 1969 முதல் மேடையில் நின்றிருக்கிறார்.

உஷா உதுப்பை இதுவரை கவனித்துக் கேட்காதவர்கள் 'அஞ்சலி' பாட்டிலிருந்து தொடங்கலாம். பிறகு 'ரம்பா ஹோ', அதன்பின் 'டார்லிங்'. முப்பது ஆண்டு இடைவெளியில் குரல் எவ்வளவு மாறாமல் இருக்கிறது என்பது காதுக்கே தெரியும். தமிழ் இசையமைப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அவர் இன்னும் மேடையேறிப் பாடிக்கொண்டுதான் இருக்கிறார். ஆங்கில வரிக்காக அல்லாமல் ஒரு முழுத் தமிழ்ப் பாட்டுக்காக அவரைக் கூப்பிடுங்கள்.